ஹராரேயில் 35: ஜிம்பாப்வே கிரிக்கெட், 1992 முதல் 2006 வரை

2004 ஏப்ரல் 25, ஹராரே ஸ்போர்ட்ஸ் கிளப் மைதானம். இலங்கைக்கு எதிரான ஒருநாள் போட்டியில் ஜிம்பாப்வே 18 ஓவரில் 35 ரன்னுக்குச் சுருண்டது. பதினொரு பேரில் ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. சமிந்த வாஸ் 11 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். அதுவரை ஒருநாள் கிரிக்கெட்டில் எந்த அணியும் இவ்வளவு குறைவாக எடுத்ததில்லை. இலங்கை அணி பத்து ஓவருக்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

ஐந்தே வருடத்துக்கு முன்னால், 1999 உலகக் கோப்பையில், இதே நாட்டு அணி இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் சாய்த்து, கடைசி ஆறு அணிகள் ஆடும் சூப்பர் சிக்ஸ் சுற்றுக்குப் போயிருந்தது. அந்த அணிக்கும் இந்த 35க்கும் நடுவில் நடந்தது என்ன?

‘அதிபர் முகாபே கெடுத்தார், வெள்ளைக்காரர்கள் போனார்கள், டீம் போச்சு’ என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு இருபது வருடம் பின்னால் போகவேண்டும்.

ஒரு மாகாணம் நாடானபோது

1980இல் விடுதலை கிடைக்கும்வரை இந்த நாட்டின் பெயர் ரொடீஷியா. அதன் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டுப் போட்டியான கர்ரி கோப்பையில் (Currie Cup) ஒரு மாகாணம் போல ஆடிவந்தது. விடுதலைக்குப் பிறகு அந்தக் கதவு மூடிக்கொண்டது. 1981இல் ஜிம்பாப்வே, சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐசிசியின் இணை உறுப்பினர் ஆனது. 1982, 1986, 1990 என மூன்று முறை தொடர்ந்து ஐசிசி டிராபியை வென்றது.

நமக்கு இந்த அணி அறிமுகமானது 1983இல். டன்பிரிட்ஜ் வெல்ஸில் இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து நின்றபோது கபில் தேவ் 175 அடித்தாரே, அந்த எதிரணி இவர்கள்தான். கபிலின் அந்த ஆட்டத்தில் மறைந்துபோன ஒரு செய்தி உண்டு: அதற்குச் சில நாள் முன்புதான், தங்கள் முதல் உலகக் கோப்பைப் போட்டியிலேயே, ஆஸ்திரேலியாவை 13 ரன் வித்தியாசத்தில் வென்றிருந்தார்கள். கேப்டன் டங்கன் ஃபிளெட்சர் ஆட்டமிழக்காமல் 69 ரன் எடுத்து, 4 விக்கெட்டும் சாய்த்தார். பிற்காலத்தில் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக வந்த அதே ஃபிளெட்சர். இந்தியாவுக்கு எதிரே அன்று 73 ரன் அடித்துப் பயம் காட்டிய கெவின் கரனின் மகன்தான், சேப்பாக்கம் ரசிகர்கள் செல்லமாகச் ‘சுட்டிக் குழந்தை’ என்று கூப்பிட்ட சாம் கரன். அப்பா ஜிம்பாப்வேக்கு ஆடினார், மகன் இங்கிலாந்துக்கு ஆடுகிறார். இந்தக் கதையில் இப்படி வெளியே போனவர்களின் பட்டியல் நீளமானது.

அந்தப் பட்டியலில் பெரிய பெயர் கிரேம் ஹிக். டெஸ்ட் தகுதி வரும் என்று காத்திருக்க முடியாமல் இங்கிலாந்தில் ஏழு வருடம் குடியிருந்து, 1991இல் அந்த நாட்டுக்காக ஆடத் தொடங்கினார். அடுத்த வருடமே விதி வேடிக்கை காட்டியது. 1992 உலகக் கோப்பையில் ஆல்பரி ஊரில் ஜிம்பாப்வே எடுத்தது 134தான். பதிலுக்கு இங்கிலாந்து 125க்கு ஆட்டமிழந்தது. 21 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தவர் எட்டோ பிராண்டஸ், தொழில் கோழிப்பண்ணை. அந்த நான்கில் ஒன்று ஹிக், ரன் எதுவும் எடுக்காமல்.

நாலு மாதத்தில் டெஸ்ட் தகுதி வந்துவிட்டது.

கோழிப்பண்ணைக்காரர்களின் காலம்

1992 அக்டோபரில் ஹராரேயில் முதல் டெஸ்ட், எதிரணி இந்தியா. கேப்டன் டேவ் ஹௌட்டனுக்கு வயது 35, சதம் அடித்தார். சுழற்பந்து வீச்சாளர் ஜான் ட்ரைகோஸுக்கு 45. அவர் 1970இல் தென்னாப்பிரிக்காவுக்காக மூன்று டெஸ்ட் ஆடியவர். இருபத்திரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து 5 விக்கெட் எடுத்தார். அதில் டெண்டுல்கரைத் தன் பந்திலேயே தானே பிடித்துப் பூஜ்யத்தில் அனுப்பியதும் ஒன்று. ஆட்டம் டிரா.

இனிமையான கதைதான். ஆனால் நோயின் முதல் அறிகுறியும் இதுவே என்று நினைக்கிறேன். புதிதாக டெஸ்ட் ஆட வரும் ஒரு நாடு 45 வயதுக்காரரை ஏன் தேடவேண்டும்? வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். ஒரு கோடிப் பேர் வாழும் நாட்டில் வெள்ளையர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்தார்கள். அணி கிட்டத்தட்ட முழுதாக அவர்களிடமிருந்து வந்தது. சில பள்ளிகள், சில கிளப்புகள், புகையிலையும் மாடும் கோழியும் வளர்க்கும் பண்ணைக் குடும்பங்கள். அண்ணன் தம்பிகளும் ஒரே பள்ளித் தோழர்களும் சேர்ந்து ஆடிய அணி. உள்ளூர் முதல்தரப் போட்டியான லோகன் கோப்பையில் விரல்விட்டு எண்ணக்கூடிய அணிகள்தான். அகலமே இல்லாத கிணறு அது. ஊற்று மட்டும் கொஞ்ச காலம் நன்றாகச் சுரந்தது.

சுரந்தது என்பதில் சந்தேகமில்லை. 1994இல் புலவாயோவில் இலங்கைக்கு எதிராக ஹௌட்டன் 266 அடித்தார். அடுத்த ஜனவரி கடைசியில் பாகிஸ்தான் ஹராரேக்கு வந்தது. அந்த டெஸ்ட்டின் டாஸிலேயே கூத்து. ஜிம்பாப்வே நாணயத்தில் பறவை இருக்கும். சலீம் மாலிக் ‘பறவை’ என்று கேட்டார், மேட்ச் ரெஃப்ரி தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடி சுண்டச் சொன்னார். மறுசுண்டலில் ஜிம்பாப்வே வென்றது. கிராண்ட் பிளவர் ஆட்டமிழக்காமல் 201, அண்ணன் ஆண்டி பிளவர் 156, கை விட்டல் 113. ஹீத் ஸ்ட்ரீக் முதல் இன்னிங்ஸில் 6 விக்கெட். ஒரு இன்னிங்ஸ் மற்றும் 64 ரன் வித்தியாசத்தில் முதல் டெஸ்ட் வெற்றி.

அதே ஆட்டத்தில்தான் ஹென்றி ஒலாங்கா அறிமுகமானார். வயது 18. ஜிம்பாப்வேக்கு ஆடிய முதல் கறுப்பினத்தவர். முதல் ஓவரிலேயே விக்கெட் எடுத்தார், பந்தை எறிகிறார் என்று நோ-பாலும் வாங்கினார். ஆக்‌ஷனைத் திருத்திக்கொண்டு திரும்பி வர வேண்டியிருந்தது. விடுதலை அடைந்து பதினைந்தாவது வருடம்தான் தேசிய அணியில் முதல் கறுப்பு முகம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரப்போகும் கோபத்துக்கு இது விதை.

அடுத்த சில வருடங்கள்தான் பொற்காலம். 1996 டிசம்பரில் புலவாயோவில் இங்கிலாந்துக்குக் கடைசி நாளில் 205 தேவை, 204இல் நின்றது. டெஸ்ட் வரலாற்றில் ரன்கள் சமமாகி டிராவில் முடிந்த முதல் ஆட்டம். 1998இல் ஹராரேயில் இந்தியாவை 61 ரன்னில் வென்றார்கள். அதே வருடம் பெஷாவரில் பாகிஸ்தானை 7 விக்கெட்டில் வென்று தொடரையும் எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டில் முதல் தொடர் வெற்றி.

1998 ஷார்ஜா நம் ஆட்களுக்கு மறக்காது. லீக் ஆட்டத்தில் ஒலாங்கா எகிறவைத்த பந்தில் டெண்டுல்கர் ஆட்டமிழந்தார். இறுதிப் போட்டியில் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 124 அடித்து அந்தக் கணக்கைத் தீர்த்தார். நாம் அதோடு ஒலாங்காவை ஒரு சிரிப்பாக முடித்துவிட்டோம். அவர் முடியவில்லை. 1999 மே 19, லெஸ்டர், உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டம். தந்தை இறந்ததால் டெண்டுல்கர் ஊருக்குப் போயிருந்தார். 253 இலக்கு. ஓவர்களை மெதுவாக வீசியதால் இந்தியாவுக்கு 4 ஓவர் வெட்டு. உதிரி ரன்களாக மட்டும் நம்மவர்கள் 51 கொடுத்திருந்தார்கள், அதை இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. சடகோபன் ரமேஷ் 55 அடித்தார். கடைசி இரண்டு ஓவரில் 9 ரன் வேண்டும், மூன்று விக்கெட் கையில். ஒலாங்கா வந்தார். அந்த ஒரே ஓவரில் ராபின் சிங், ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத் மூவரும் போனார்கள். 3 ரன்னில் தோல்வி. சில நாளில் செம்ஸ்ஃபோர்டில் தென்னாப்பிரிக்காவும் 48 ரன்னில் தோற்றது. நீல் ஜான்சன் 76 ரன்னும் 3 விக்கெட்டும்.

இத்தனைக்கும் மேலே நின்றவர் ஆண்டி பிளவர். பெரும்பாலும் விக்கெட் கீப்பிங் செய்துகொண்டே 63 டெஸ்ட்டில் சராசரி 51.54. 2000 நவம்பரில் இந்தியாவில் இரண்டே டெஸ்ட்டில் 183*, 70, 55, 232* என்று 540 ரன் (* என்றால் ஆட்டமிழக்கவில்லை). 2001இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 142, 199*. அந்த ஆட்டத்தில் ஜிம்பாப்வே தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். டெஸ்ட் தரவரிசையில் உலகின் முதல் பேட்ஸ்மேன், தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு அணியில்.

கயிறு எங்கே அறுந்தது

2000ஆம் வருடம் ஒரே நேரத்தில் பல விஷயங்கள் நடந்தன. பிப்ரவரியில் புதிய அரசியல் சட்டத்துக்கான பொதுவாக்கெடுப்பில் முகாபே அரசு தோற்றது. அதன் பிறகு வெள்ளையர்களின் பண்ணைகள் வேகமாகக் கைப்பற்றப்பட்டன. கிரிக்கெட் வீரர்களில் பலர் பண்ணைப் பிள்ளைகள் என்பதால் அடி நேராக வீட்டுக்குள் விழுந்தது. அதே வருட இங்கிலாந்துப் பயணத்தில் ஜிம்பாப்வே கிரிக்கெட் வாரியத்தோடு சம்பளத் தகராறு. பயணம் முடிந்ததும் முர்ரே குட்வின், நீல் ஜான்சன் இருவரும் விலகிவிட்டார்கள். நாணயத்தின் மதிப்பு சரியச் சரிய, இங்கிலாந்தின் உள்நாட்டு அணிகளான கவுண்டிகளின் ஒப்பந்தம் முன் உள்ளூர்ச் சம்பளம் நிற்க முடியவில்லை. அரசியலே இல்லாவிட்டாலும் சிலர் போயிருப்பார்கள்.

இன்னொரு பக்கம் நல்லது ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. ஹராரேயின் கறுப்பர் குடியிருப்பான ஹைஃபீல்டு போன்ற இடங்களில் வாரியம் வருடக்கணக்கில் பயிற்சி கொடுத்துவந்தது. திறமையுள்ள பையன்களை உதவித்தொகையில் சர்ச்சில் பள்ளிக்கு அனுப்பியது. டாட்டெண்டா தைபு, ஹாமில்டன் மசகட்சா, வூசி சிபாண்டா அங்கே படித்தவர்கள். 2001 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மசகட்சா தன் முதல் டெஸ்ட்டிலேயே 119 அடித்தார். இன்னும் 18 வயது நிறையவில்லை. இருந்த கிணறு வற்றும் நேரத்தில் இரண்டாவது கிணற்றில் தண்ணீர் தெரிந்தது. பழையவர்கள் இன்னும் ஐந்தாறு வருடம் கூட நின்று இந்தப் பையன்களைத் தூக்கிவிட்டிருந்தால் போதும்.

அதற்குத்தான் நேரம் கிடைக்கவில்லை. அணியில் இத்தனை கறுப்பர்கள் இருக்கவேண்டும் என்று வாரியம் இலக்கு வைத்தது. அந்த இலக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து வருடம் காத்திருந்த சமூகம் அது. குறை இருந்தது வேறு இடத்தில். இலக்கைக் கணக்கு காட்ட ஒரே வழி தேசிய அணி என்றாகிவிட்டது. லோகன் கோப்பையில் இரண்டு சீசன் அடிபட்டுத் தேற வேண்டியவர்கள் நேராக டெஸ்ட்டில் இறங்கினார்கள். தோற்றால் ‘கோட்டாக்காரர்’ என்ற பட்டம், உட்கார வைத்தால் ‘இனவெறி’ என்ற குற்றச்சாட்டு. இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் நம்புவதை நிறுத்தினார்கள்.

அப்புறம் 2003 பிப்ரவரி 10. உலகக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிரான ஹராரே ஆட்டம். ஆண்டி பிளவரும் ஒலாங்காவும் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டது, அதற்குத் துக்கம் காக்கிறோம் என்று அறிக்கை கொடுத்தார்கள். அன்று கிரெய்க் விஷார்ட் 172 ரன் அடித்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் சேர்ந்து நின்றதுதான் அரசுக்கு எரிச்சல். வெள்ளையர் தனியாகச் செய்திருந்தால் பழைய கதை என்று ஒதுக்கியிருக்கலாம். ஒலாங்காவை அவருடைய டக்காஷிங்கா கிளப் வெளியேற்றியது. மிரட்டல்கள் வந்தன. தொடர் முடிந்ததும் அவர் நாட்டுக்குத் திரும்பாமல் இங்கிலாந்து போய்விட்டார். 26 வயதில் கிரிக்கெட் முடிந்தது. பிளவரும் எஸெக்ஸ் கவுண்டிக்குப் போனார். பின்னால் இங்கிலாந்துக்கே பயிற்சியாளர் ஆனார்.

வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து அணி ஹராரேக்கு வர மறுத்ததால் கிடைத்த இலவசப் புள்ளிகளோடு அந்த உலகக் கோப்பையிலும் ஜிம்பாப்வே சூப்பர் சிக்ஸுக்குப் போனது. பட்டியலைப் பார்த்தவர்களுக்கு அணி நன்றாகத்தான் இருந்தது.

‘வெள்ளையர் போனார்கள், அணி விழுந்தது’ என்ற வாய்ப்பாடு எனக்கு உதைப்பது ஒலாங்காவிடம்தான். கறுப்பின மக்கள் கொண்டாடியிருக்க வேண்டிய முதல் வீரரை, கறுப்பினத்தவரின் பெயரால் பேசிய அதிகாரமே துரத்தியது. யார் ஆடுவது என்பதைவிட யார் கேள்வி கேட்கக் கூடாது என்பதுதான் அங்கே முக்கியமாகியிருந்தது.

2004 ஏப்ரலில் அது ஊரறிய வெடித்தது. கேப்டன் ஸ்ட்ரீக், தேர்வுக்குழுவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சமாவது மேல்மட்ட கிரிக்கெட் அனுபவம் வேண்டும் என்று வாரியத்திடம் கேட்டார். வாரியம் அவர் பதவி விலகிவிட்டதாக அறிவித்தது. ஆதரவாக மற்ற வெள்ளை வீரர்களும் ஆட மறுக்க, மொத்தம் 15 பேர் வெளியே நின்றார்கள். இனப்பாகுபாடு நடந்தது என்ற அவர்களுடைய புகாரை ஐசிசி பின்னர் விசாரித்து, ஆதாரம் இல்லை என்று முடித்தது. பேசித் தீர்த்திருக்கக்கூடிய சண்டை. வாரியத் தலைவர் பீட்டர் சிங்கோகாவும், பின்னால் நிர்வாக இயக்குநரான ஒசியாஸ் புவூட்டேவும் பிடி தளர்த்தவில்லை, வீரர்களும் இறங்கி வரவில்லை.

கேப்டன் பதவி தைபுவுக்கு வந்தது. இன்னும் 21 வயது முடியவில்லை. டெஸ்ட் வரலாற்றில் அதுவரை இல்லாத இளம் கேப்டன். உயரம் குறைந்த, வாய் ஓயாத, விக்கெட் கீப்பர் பையன். அந்த 35 ரன் அவர் தலையில் விழுந்தது. அடுத்த மாதம் இரண்டு டெஸ்ட்டிலும் இலங்கை ஒரு இன்னிங்ஸும் இருநூறு ரன்னுக்கு மேலும் வித்தியாசத்தில் வென்றது. அந்த ஹராரே டெஸ்ட்டில்தான் முத்தையா முரளிதரன் 520ஆவது விக்கெட்டை எடுத்து கோர்ட்னி வால்ஷின் உலக சாதனையைத் தாண்டினார். தமிழ்ப் பத்திரிகைகளில் அன்று முரளியின் படம் வந்தது. மறுமுனையில் மட்டை பிடித்து நின்றவர்களைப் பற்றி எழுத யாருக்கும் இடமில்லை.

இறுதிக் கட்டம்

ஆஸ்திரேலியாவுடன் ஆடவிருந்த டெஸ்ட்டுகள் கைவிடப்பட்டன. அந்த வருடம் அதற்கு மேல் டெஸ்ட் ஆடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். 2005 ஜனவரியில் சிட்டகாங்கில் வங்கதேசத்துக்கு முதல் டெஸ்ட் வெற்றியைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஸ்ட்ரீக் உட்படச் சிலர் திரும்பி வந்தும் பயனில்லை. 2005 ஆகஸ்டில் நியூசிலாந்து ஹராரேயில் அவர்களை ஒரே நாளில் இரண்டு முறை ஆல் அவுட் ஆக்கியது: 59, 99. 1952இல் இந்தியாவுக்கு நேர்ந்த பிறகு வேறு எந்த அணிக்கும் நேராத அவமானம்.

இந்த முறை எதிர்த்துப் பேசியது கறுப்பு வீரர்கள். ஒப்பந்தமும் சம்பளமும் நிர்வாகமும் சரியில்லை என்று தைபுவின் தலைமையில் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவருக்கும் குடும்பத்துக்கும் மிரட்டல் வந்தது. 2005 நவம்பரில் பதவியைத் துறந்து நாட்டைவிட்டுக் கிளம்பினார். ஒலாங்கா போன அதே வழி. 2006 ஜனவரியில் அரசின் விளையாட்டு ஆணையம் வாரியத்தைக் கலைத்து இடைக்காலக் குழுவை அமைத்தது. குழுவின் தலைவர் யார்? அதே சிங்கோகா. அந்த மாதமே ஜிம்பாப்வே டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விலகிக்கொண்டது. அதுவரை 83 டெஸ்ட், 8 வெற்றி. அந்த எட்டில் நான்கு வங்கதேசத்துக்கு எதிராக. மற்ற நான்கு இந்தியா, பாகிஸ்தான் மேல் தலா இரண்டு.

ஐசிசியின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். டெஸ்ட் ஆடாவிட்டாலும் முழு உறுப்பினர் என்ற தகுதி போகவில்லை. அதற்கான பணமும் வாக்கும் போகவில்லை. 2008இல் கணக்குத் தணிக்கை பெரிய முறைகேடுகளைக் காட்டியது. யார் மீதும் நடவடிக்கை இல்லை. இதில் கடுமையாக நிற்க விரும்பிய ஐசிசி தலைமை நிர்வாகி மால்கம் ஸ்பீடுதான் பதவிக்காலம் முடியுமுன் விடுப்பில் அனுப்பப்பட்டார். ஓட்டு எண்ணிக்கை முக்கியமான இடத்தில் ஒரு ஓட்டை யார் இழப்பார்கள்?

இடையில் 2007 செப்டம்பரில் கேப்டவுனில் டி20 உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை வென்று எல்லோரையும் திகைக்க வைத்தார்கள். பிரெண்டன் டெய்லர் 60*. மற்றபடி இருட்டு. அடுத்த இரண்டு வருடத்தில் நாட்டில் நூறு லட்சம் கோடி டாலர் நோட்டு அச்சாகும் நிலை வந்தது.

2009இல் கூட்டணி அரசு அமைந்தது. விளையாட்டுத் துறை டேவிட் கோல்டார்ட்டுக்கு வந்தது. கறுப்புப் பட்டைக்கு முன்பு பிளவரும் ஒலாங்காவும் ஆலோசனை கேட்ட வழக்கறிஞர் அவர். வெளியே போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அலிஸ்டர் கேம்பல் தேர்வுக்குழுத் தலைவர், ஸ்ட்ரீக் பந்துவீச்சுப் பயிற்சியாளர், கிராண்ட் பிளவர் பேட்டிங் பயிற்சியாளர்.

2011 ஆகஸ்டில் அதே ஹராரே ஸ்போர்ட்ஸ் கிளப்பில் ஜிம்பாப்வே மறுபடியும் டெஸ்ட்டில் இறங்கி, வங்கதேசத்தை 130 ரன்னில் வென்றது. கேப்டன் டெய்லர் சதம் அடித்தார். தைபு திரும்பி வந்து கீப்பிங் செய்தார். முதல் இன்னிங்ஸில் 104 அடித்தவர் மசகட்சா. 17 வயதில் முதல் டெஸ்ட் சதம் அடித்தவருக்கு இரண்டாவது சதம் வந்தபோது வயது 27.